தோல் பையில் வைத்த வெள்ளி

அந்தப் பார்சலை நான் ஆசையோடுதான் பிரித்தேன்.

எங்களிடம் நினைவுக் காசு வாங்கியவர்கள் சில சமயம் பதிலுக்கு ஏதாவது அனுப்புவது உண்டு. ஒரு முறை தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா டப்பா நிறையச் சீப்புச் சீடை அனுப்பியிருந்தார். அதனால் கோயம்புத்தூர் முகவரியோடு வந்த சின்ன அட்டைப்பெட்டியைப் பார்த்ததும், பேக்கிங் மேஜை அருகில் நின்றபடியே கத்தரிக்கோலால் டேப்பைக் கீறினேன். வெளியே நாலைந்து நாளாக விடாத மழை. சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். தபால்காரர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் எங்களுடைய தோல் பையே இருந்தது. உள்ளங்கை அளவு, தேன் நிறம், ஓரத்தில் வெள்ளை நூல் தையல். டிச் பட்டனைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தேன். காசு விழுந்தது.

முதலில் அது எங்கள் காசு என்றே எனக்குப் புரியவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக் கழுவாமல் விட்டால் ஒரு நிறம் வருமே, அப்படி இருந்தது. நடுவில் பள்ளிக்கூட மணி. சுற்றிலும் பள்ளியின் பெயர், கீழே ‘நூற்றாண்டு’ என்ற எழுத்து. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.

கூடவே கோடு போட்ட தாளில் ஒரு வரி. ‘இது வெள்ளியா? எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி ஏமாற்றலாமா?’

எதிரில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த சபீனா எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா அது? பழைய காலணாவா?”

நான் அலமாரியைத் திறந்தேன். அதே காசில் இன்னும் நூற்றைம்பது, அதே தோல் பைகளில், வரிசையாக அடுக்கியிருந்தன. ஆறு நாளில், ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விழா மேடையில் பழைய மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டியவை. முதல் பையைத் திறந்தேன். காசின் விளிம்பு மஞ்சளாகியிருந்தது. இரண்டாவது, பழுப்பு. மூன்றாவதில் மயில் கழுத்தில் ஓடுகிற மாதிரி நீலமும் ஊதாவும். பார்க்க அழகாக இருந்தது. நான்காவது பையைத் திறக்காமல் அலமாரியைச் சாத்தினேன்.

காசு என்று சொல்லக் கூடாது

இந்தத் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் செய்வது காசு இல்லை. நாணயம் அடிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். எங்களுடையது நினைவுப் பதக்கம். ரூபாய் என்று போடக் கூடாது, செல்லும் நாணயம் மாதிரித் தோன்றவும் கூடாது. ஆனால் வாங்குகிற யாரும் பதக்கம் என்று சொல்வதில்லை. “அந்த வெள்ளிக் காசு வந்துடுச்சா?” என்றுதான் கேட்பார்கள். நாளடைவில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

சபீனாவும் நானும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர், அவள் பேக்கிங். ஒரு வருஷம் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் எல்லாத் தொழிலாளிக்கும் ஒரு வெண்கலப் பதக்கம் கொடுத்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் முகம், புரியாத எழுத்து. ஆனால் ஒருவர்கூட அதைத் தூக்கிப் போடவில்லை. கேஸ் அடுப்பு மேடையில், சாமி படத்தடியில், பீரோவில், எங்கே போனாலும் அது இருந்தது. “நம்ம ஊரு விஷயத்தப் போட்டா இன்னும் பத்திரமா வச்சிப்பாங்கக்கா” என்று சபீனா சொன்னதுதான் ஆரம்பம்.

முதல் விளம்பரம் ஒரு வார இதழில் கால் பக்கம். கத்தரித்து அனுப்ப ஒரு கூப்பன். இப்போது எல்லாம் போனில் வந்துவிடுகிறது. படத்தை நாங்கள் வரைந்து கொடுப்போம், சென்னைப் பட்டறை ஒன்றில் அச்சு வெட்டி அடித்து அனுப்புவார்கள். நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, வரிசை எண் போட்ட சான்றிதழோடு தபாலில் அனுப்புவோம்.

இந்த வரிசை எண் இருக்கிறதே, அது தனி பேஜார். ஒன்றாம் நம்பரை எல்லாரும் கேட்பார்கள். எட்டாம் நம்பரை யாரும் தொட மாட்டார்கள். எழுநூற்று எண்பத்தாறை நோன்புக் காலத்தில் நாலு பேர் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், நாங்கள் அடிப்பதே முந்நூறாக இருந்தாலும். ஒரு முறை கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்று பதினேழாம் நம்பரைத் திருப்பி அனுப்பினார் ஒருவர். அதுவரை எங்களுக்குத் திரும்பி வந்த காசுகளெல்லாம் இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான்.

கறுத்துப்போய் ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

நான் சொன்ன பொய்

பள்ளி, ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நூறு வருஷம் ஆகியிருந்தது. பழைய மாணவிகள் சங்கத்துக்குச் செயலாளர் கிரேஸ் டீச்சர். அதே பள்ளியில் படித்து, அங்கேயே வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். சந்தனம், மாலை, ஷீல்டு எல்லாம் வேண்டாம், எல்லார் கையிலும் ஒரு வெள்ளிக் காசு இருக்கட்டும் என்று அவர்தான் சங்கத்தில் பேசி சம்மதிக்க வைத்தார். நானூறு காசுகள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இருநூற்றைம்பது தபாலில், மீதி விழாவில்.

எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். அதனால் எனக்கு ஒரு ஆசை வந்தது. வழக்கமாகக் காசை வட்டமான பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து அட்டைப் பெட்டியில் போடுவோம். ஆம்பூர்ப் பள்ளிக்கு ஆம்பூர்த் தோலில் ஒரு பை இருந்தால்? மாதிரி ஒன்று தைத்துப் பார்த்தோம். மூடியோடு வைத்தால் பை புடைத்துக்கொண்டு நின்றது.

“மூடி இருக்கட்டுமேக்கா” என்றாள் சபீனா.

“தோல்லயே நேரா இருந்தாத்தான் கைக்கு நல்லா இருக்கும்” என்றேன் நான். மூடியை எடுத்துவிட்டோம்.

பை தைக்க ஆம்பூரில் அன்வர் பாயிடம் போனோம். சின்னச் சின்னத் தோல் சாமான் செய்கிறவர். பர்ஸ், பெல்ட், கண்ணாடிக் கூடு. கை சுத்தமான மனிதர். தோலை விரித்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார், “உள்ள இன்னா வைக்கப் போறீங்கம்மா?”

அதற்கு முந்தைய வருஷம்தான் காசைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் எங்கள் யோசனையை அப்படியே எடுத்து, இன்னொருவர் அதே மாதிரிப் பெட்டி போட்டு விற்றிருந்தார். எப்படி வெளியே போனது என்று தெரியாமல் நான் பல நாள் புழுங்கியிருக்கிறேன். அந்தப் பயம் உள்ளே இருந்தது. வாயைத் திறந்ததும் பொய் வந்தது.

“சாவி வைக்கிற பை பாய். ஒரு கம்பெனி கிஃப்ட்டு.”

சபீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பல்பொடி

திங்கட்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் செய்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கொலுசு கறுத்தால் வீட்டில் என்ன செய்வோம்? பல்பொடி போட்டுத் தேய்ப்போம். அலமாரியிலிருந்து பழுப்பான ஒன்றை எடுத்து அதையே செய்தோம். கறை போனது. ஆனால் எங்கள் காசின் தரை, அதாவது படமும் எழுத்தும் இல்லாத இடம், கண்ணாடி மாதிரி இருக்கும், முகம் பார்க்கலாம். பல்பொடி அதன் மேல் ஆயிரம் கீறல் போட்டுவிட்டது. மணி மட்டும் பளபளக்க, சுற்றிலும் சிமென்ட் தரை மாதிரி ஆனது. அடுத்ததை விபூதியால் தேய்த்தோம். மூன்றாவதைப் புளியில் போட்டு எடுத்தோம். மூன்றும் பாழ்.

“நிறுத்துக்கா” என்று சபீனா என் கையைப் பிடித்தாள். “மொதல்ல ஏன் கறுக்குதுன்னு தெரியணும். வெள்ளி கலப்படமா?”

பட்டறைக்குப் போன் போட்டேன். வெள்ளி சுத்தம், அதற்குச் சான்றிதழே இருக்கிறது என்றார்கள். போன வருஷம் அதே பட்டறையில் அடித்து, பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்த காசு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். பால் மாதிரி இருந்தது.

வித்தியாசம் பை மட்டும்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

வீட்டில் என் கணவரிடம்கூட நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். போட்டேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

அன்வர் பாய் முகர்ந்து பார்த்தார்

செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் பஸ். என் கைப்பையில் கறுத்த காசும் பையும் இருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், யாரோ திருடிக்கொண்டு போனால் நல்லது என்று ஒரு பக்கம் நினைத்தபடி.

அன்வர் பாய் மாடி அறையில் தோல் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

“வாங்கம்மா. சாவிப் பை இன்னும் வோணுமா?”

நான் காசை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. பையை எடுத்துத் திறந்து, உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார்.

“இது வெள்ளி.”

“ஆமா பாய்.”

“சாவின்னு சொன்னீங்களே.”

அவர் பையின் உள்பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

“வெள்ளின்னு சொல்லியிருந்தா இந்தத் தோல நான் தொட்டே இருக்க மாட்டேனேம்மா. சுண்ணாம்பும் சல்பைடும் போட்டுத்தான் தோல்ல முடிய எடுக்குறாங்க. எத்தினி வாட்டி கழுவினாலும் கொஞ்சம் உள்ளாற நின்னுடும். இந்த மாதிரி மழ ஈரத்துல அது வெளிய வரும். சாவிக்கு ஒண்ணும் ஆவாது. வெள்ளிய உடாது. எங்கூட்டுப் பொம்பளைங்க இந்த ரூமுல கொலுசக்கூடக் கழட்டி வைக்க மாட்டாங்க.”

“எங்க பெட்டி மாடல ஒருத்தர் காப்பி அடிச்சிட்டாங்க பாய். அந்தப் பயத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“உங்க ஐடியாவ வச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்குத் தெரிஞ்சது பை” என்றார். குரல் உயரவில்லை. “பையக் கொற சொல்லுவாங்களேன்னு எனக்கு வருத்தம் இல்லம்மா. நான் கேட்டேன். கேட்டும் சொல்லலியே, அதான்.”

டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கிளம்பும்போது, “எல்லாத்தையும் பையிலேர்ந்து வெளிய எடுத்து வைங்க. துவைச்ச பருத்தித் துணியில சுத்துங்க. ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க” என்றார். படியிறங்கும்போது மெஷின் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் எங்களுக்குப் பை தைக்கவில்லை. கேட்டபோதெல்லாம் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் முழுக்க நான் ஒத்துக்கொண்டிருந்தேன்

திரும்பும் பஸ்ஸில் சபீனா தன் திட்டத்தைச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோனவள், என்னைப் போலவே.

“நம்மகிட்ட மிச்சம் இருக்குறது எல்லாத்தையும் துணியில சுத்திக் குடுத்துடலாம். லேசாத்தான மஞ்சளாயிருக்கு, மேடையில யாருக்கும் தெரியாது. தபால்ல போனதுல கறுத்தத யாராச்சும் அனுப்பினா மாத்திக் குடுக்கலாம். யாருக்கா தினமும் தெறந்து பாக்கப் போறாங்க? பீரோவுல வச்சிட்டு மறந்துடுவாங்க. நாமளே போன் பண்ணிச் சொல்லி, நாமளே தலையக் குடுக்கணுமா?”

அவள் சொன்னதில் பாதி உண்மை. நினைவுக் காசு தொழிலே அதில்தான் நிற்கிறது. வாங்கிய அன்று ஒரு முறை பார்ப்பார்கள். அப்புறம் அது இருக்கிறது என்ற நிம்மதி போதும்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் சரி என்றுதான் இருந்தேன். செவ்வாய் சாயங்காலம் முழுக்கக் காசுகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு, அதிகம் மஞ்சளானதைத் தனியாகவும், கம்மியாக ஆனதைத் தனியாகவும் பிரித்தோம். கம்மியானதை மேடைக்கு முன்வரிசைக்கு என்று சபீனா எழுதி ஒட்டினாள். நான் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை.

அப்போது போன் வந்தது. கிரேஸ் டீச்சர்.

“எல்லாம் ரெடியா மேடம்?”

“ரெடி டீச்சர்” என்றேன்.

“சந்தோஷம். எங்க சங்கத்துல பாதிப் பேரு வேணாம்னாங்க. தபால்ல வர்ற சாமான நம்பக் கூடாதுன்னாங்க. நான்தான் உங்க வீட்டுக்கு வந்து, நீங்க கையுறை போட்டு ஒவ்வொண்ணாப் பாக்குறதப் பாத்தேன்ல, அதச் சொன்னேன். அந்தம்மா கைக்கு வந்துதான் ஒவ்வொண்ணும் போவுதுன்னு சொன்னேன்.”

போனை வைத்தேன். சபீனா என்ன என்று கேட்டாள். டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தான் ஒட்டிய சீட்டைத் தானே பிய்த்து எடுத்தாள்.

டீச்சர் கேட்ட கேள்வி

புதன்கிழமை பள்ளி விடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தனியாகத்தான் போனேன். பந்தல்காரர்கள் மைதானத்தில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினார்.

பார்சல் வந்தது, அன்வர் பாயிடம் பொய் சொன்னது, மூடியை எடுத்தது, பல்பொடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வழியில் பத்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியும் பல்பொடியை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கெழம.”

“நேத்து போன்ல ரெடின்னீங்களே.”

“ஆமா டீச்சர்.”

அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “காசக் குடுங்க” என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் டிபன் பையிலிருந்து சப்பாத்தி சுற்றி வந்த அலுமினியத் தாளை எடுத்துக் கழுவி, ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில் விரித்தார். அதன் மேல் காசு. அலமாரியிலிருந்து சமையல் சோடாவை இரண்டு கரண்டி போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். குமிழ் வந்தது. தேய்க்கவில்லை, தொடவில்லை. கறுப்பு மெல்ல மெல்ல விலகி, முதலில் மணி தெரிந்தது, பிறகு எழுத்து, பிறகு தரை. கொஞ்ச நேரத்தில் அன்று பட்டறையிலிருந்து வந்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

“சுத்தமாயிடும். சுத்தமாயிட்டதால ஒண்ணும் நடக்கலன்னு ஆயிடாது” என்றார். “வெளியூர்க்காரங்களுக்கு நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம மேடையில நீங்களே சொல்லணும். நான் சொன்னா உங்களக் காப்பாத்துற மாதிரி ஆயிடும். எனக்கு இப்ப உங்களக் காப்பாத்துற மூட் இல்ல.”

இருநூற்றைம்பது போன்

வியாழனும் வெள்ளியும் போனிலேயே போனது. நான் ஆரம்பித்தபோது சபீனா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பத்தாவது போனில் ஒருவருடைய கணவர் வாங்கு வாங்கென்று வாங்கியதைக் கேட்டதும் எழுந்து வந்து, “லிஸ்ட்டுல பாதிய என்கிட்ட குடுக்கா” என்று பிடுங்கிக்கொண்டாள்.

விதவிதமான பதில்கள். பலர் பையை இன்னும் திறக்கவே இல்லை. பெங்களூரிலிருந்து ஒருவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். போகவும் செய்தார், அதை இன்னொரு வாரம் எழுத வேண்டும். ஒரு பாட்டி, “அதெல்லாம் இருக்கட்டும், நீ ஓ.டி.பி. கேக்கப் போறியா?” என்று கேட்டார். இல்லை பாட்டி, பையிலிருந்து எடுத்துத் துணியில் வையுங்கள், அவ்வளவுதான் என்றேன். “அதுக்கு ஏன் இவ்ளோ நடுங்குற?” என்றார்.

அந்தக் கோயம்புத்தூர் பெண்மணி போனை எடுத்து, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நான் எழுதினதுல தப்பில்லையே?” என்றார். இல்லை என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

பந்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வயதான அம்மாக்கள், பின்னால் நடுத்தர வயதுப் பெண்கள், குழந்தைகள். எத்தனையோ பேர் ஷூ கம்பெனியில் ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கிரேஸ் டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மைக் என் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதைச் சரிசெய்யக்கூடத் தோன்றாமல் குனிந்தபடியே பேசினேன். காசு கறுக்கிறது. காரணம் தோல் பை. அதற்குக் காரணம் பை தைத்தவர் இல்லை, அவர் கேட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். “அதெல்லாம் அப்புறம். வெள்ளியா இல்லியா, அதச் சொல்லும்மா மொதல்ல!”

“வெள்ளிதாங்க. வெள்ளியா இருந்ததாலதான் கறுத்துச்சு.”

சிரிப்பு ஒன்று எழுந்தது. சிலர் சிரிக்கவில்லை. ஒரு வரிசையே எழுந்து வெளியே போனது. சங்கத்துத் தலைவர் விழா முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. முப்பது பேருக்கு மேல் காசு வேண்டாம் என்றார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருஷம் வருவதாக இருந்த இரண்டு பள்ளிகளின் ஆர்டர் வரவில்லை. எல்லாரும் கைதட்டி என்னை மன்னித்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

மற்றவர்களுடைய காசை அவர்கள் கண் முன்னாலேயே சுத்தம் செய்துகொடுக்க ஆறாம் வகுப்பு ஏ பிரிவில் மூன்று பேசின்களை வைத்தோம். அடியில் அலுமினியத் தாள், சோடா, வெந்நீர். சபீனா பள்ளிச் சத்துணவு அடுப்பிலிருந்து வெந்நீரைத் தூக்கி வந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். மேடையில் வாங்கிய காசோடு பெண்கள் வரிசையாக வந்து, தங்கள் காசை நான் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நான் கவனிக்காத ஒன்று அங்கே தெரிந்தது. ஒரே நேரத்தில் இருபது, முப்பது காசு போட்டதும் ஆவியோடு சேர்ந்து ஒரு நாற்றம் கிளம்பியது. கெட்டுப்போன முட்டை நாற்றம். பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது, இதுவும் சேர்ந்ததா என்று.

சாந்தி என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறவள், மூக்கை மூடவில்லை. பேசின் மேல் குனிந்தாள். என் காசுதானேக்கா அது என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“இது எங்கப்பா வாசன” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எங்கப்பா தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலக்கா. ரெண்டு சோப்புப் போட்டுக் குளிச்சாலும் இது போவாது. மழ வந்தா எனக்குக் கொட எடுத்துகினு ஸ்கூலுக்கு வருவாரு. ஸ்கூல் கேட்டாண்ட வர மாட்டாரு. எதிர்ல அந்த டீக்கடையாண்டயே நிப்பாரு. யாருடி அதுன்னு பொண்ணுங்க கேட்டா, எங்க தெரு ஆளுன்னு சொல்லுவேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஒரு நாளு நானும் பொண்ணுங்களும் ஒண்ணா வெளிய வந்தோம். நேரா வந்து கொடைய நீட்டினாரு. ‘உங்கப்பா குடுத்தனுப்பினாரும்மா’ன்னாரு.”

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பேசினில் அவள் காசு பாதி வெளுத்திருந்தது. மணி பளிச்சென்று தெரிந்தது. விளிம்பெல்லாம் இன்னும் கறுப்பு.

“எடுத்துடுக்கா. போதும்” என்றாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா முழுசாப் போயிடும்மா.”

“வோணாம்கா. இப்படியே குடு.”

கரண்டியால் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கைக்குட்டையில் மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். அடுத்து நின்ற அம்மா தன் காசை நீட்டினார். தண்ணீர் ஆறியிருந்தது. சபீனாவைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன்.